யோசித்து யோசித்தே தோற்பவர்களுக்கு: செஸ் பலகையின் முன் மனதைப் பழக்கும் முறை

பதினேழாவது மூவ். டி வரிசை, அதாவது பலகையின் நடுவில் மேலும் கீழுமாக ஓடும் ஒரு வரிசை, சிப்பாய் இல்லாமல் திறந்து கிடக்கிறது. அங்கே ஒரு யானையைக் கொண்டுவர வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த யானையை? ஏ1-ல் நிற்பதையா, எஃப்1-ல் நிற்பதையா? இந்த ஒரு கேள்விக்கு நான் 28 நிமிடம் கொடுத்தேன். ஏ யானைதான் சரி என்று பட்டது. உடனே, எஃப் யானைக்கு இனி அங்கே என்ன வேலை என்று தோன்றியது. சரி, எஃப் யானையே போகட்டும் என்றால், எஃப்2 சிப்பாய்க்குக் காவல் போய்விடுமே என்ற பயம். மறுபடி ஏ யானை. கடைசியில் எஃப் யானையை எடுத்து வைத்தேன்.

ஆட்டம் அந்த இடத்தில் கெடவில்லை. 31-வது மூவில், கடிகாரத்தில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தபோது, ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து என்ஜினில் (மூவ்களை எடைபோடும் செஸ் நிரலில்) போட்டுப் பார்த்தால் இரண்டு யானை மூவுக்கும் ஒரே மதிப்பு.

அன்று இரவு தூக்கம் வராமல் புரண்டபோது மனதில் ஓடியது குதிரை போன கதை அல்ல. “இத்தனை வருடம் ஆடியும் இப்படித்தானே, நமக்கு இது வராது” என்பதுதான் ஓடியது. பலகை முன்னால் நான் செய்த அதே காரியத்தைத்தான் படுக்கையிலும் செய்துகொண்டிருந்தேன் என்பது புரியப் பல மாதம் ஆனது. “மிகச் சிறந்த மூவ் எது?” என்ற கேள்விக்கு மனித மூளை முடிவு கண்டுவிட முடியாது. “எனக்குத் திறமை இருக்கிறதா?” என்பதும் அப்படியே. முடிவில்லாத கேள்வியை மனதிடம் கொடுத்தால் அது செக்கு மாடு மாதிரி சுற்றும். “யோசிக்காதே” என்று அதை அதட்டிப் பயனில்லை. முடிக்கக்கூடிய கேள்வியாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு வேலையைத்தான் செய்கிறது.

முதல் படி: கடிகாரத்தை எழுதுங்கள்

“நான் ரொம்ப யோசிக்கிறேன்” என்று சொல்பவர்களில் பலருக்கு எங்கே யோசிக்கிறோம் என்பது தெரியாது. அடுத்த பத்து ஆட்டங்களுக்கு, ஒவ்வொரு மூவுக்குப் பிறகும் கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கோர் ஷீட்டில் (மூவ்களை எழுதும் தாளில்) பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் இதை அனுமதிக்கின்றன. இணையத்தில் ஆடினால் அந்தக் கணக்கு தானாகவே பதிவாகிவிடும்.

ஆட்டம் முடிந்ததும், உங்கள் சராசரியைப் போல் மூன்று மடங்கு நேரம் எடுத்த மூவ்களை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே, அந்த நேரத்தில் மனம் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரே வரி எழுதுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் வரும்.

ஒன்று, ஒரே மூவ்களின் தொடரைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டது. போன தடவை கிடைத்த விடையை மனம் நம்பவில்லை. இரண்டு, கணக்கு முடிந்துவிட்டது, கைதான் நகரவில்லை, பயம். மூன்று, மனம் பலகையிலேயே இல்லை. இந்த ஆட்டம் போனால் ரேட்டிங் எவ்வளவு குறையும், எதிரே இருக்கும் பையனுக்குப் பத்து வயதுதானே இருக்கும், பக்கத்து மேசைக்காரர் நம் நிலையைப் பார்த்துச் சிரித்தாரோ என்று எங்கோ ஓடியது.

மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு முறையாகக் கணக்கிடும் பழக்கம் வேண்டும். இரண்டாவதற்கு முடிவெடுக்க ஒரு விதி வேண்டும். மூன்றாவது ஆசாமிக்கு எத்தனை டாக்டிக்ஸ் (காய் பறிக்கும் தந்திரங்கள்) புதிர் கொடுத்தாலும் உதவாது. அவருக்குத் தேவையானவை இந்தக் கட்டுரையின் பின்பாதியில் இருக்கின்றன.

நான்காவதாக ஒன்றும் உண்டு: அந்த நிலை நிஜமாகவே கடினம், யோசித்தது நியாயம். அதற்காக வருத்தப்பட வேண்டாம். அது அதிகயோசனையில் சேராது, அதற்குப் பெயர்தான் செஸ்.

இரண்டாம் படி: நேரத்தைப் பங்கு போடுவது

90 நிமிடமும் ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டம் என்றால், 40 மூவுக்கு மொத்தம் 110 நிமிடம். ஒரு மூவுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடம். 15 நிமிடம் + 10 விநாடி என்றால் ஒரு மூவுக்குச் சுமார் 32 விநாடி. கூடுதல் இல்லாத 10 நிமிட ஆட்டத்தில் வெறும் 15 விநாடி. உங்களுக்குப் பழக்கமான ஆட்டத்துக்கு இந்த எண்ணை ஒருமுறை கணக்கிட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 15 விநாடி ஆட்டத்தில் உட்கார்ந்து “சரியான மூவ்” தேடுகிறவர், பேருந்து கிளம்பும்போது பயணத் திட்டம் போடுகிறவர்.

சராசரி என்பது எல்லா மூவுக்கும் சமமாகப் பிரிப்பதற்கு இல்லை. தெரிந்த தொடக்க மூவ்களில் சேமித்து, ஆட்டம் திரும்பும் இடத்தில் செலவழிக்கத்தான் சேமிப்பு. அந்த இடத்தை அடையாளம் காண்பது எளிது: நீங்கள் செய்யப்போவதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று பாருங்கள். சிப்பாய் பின்னால் போகாது. வெட்டிக்கொண்ட ராணி திரும்ப வராது. ராஜாவின் முன்னால் உள்ள சுவரை உடைத்தால் கட்ட முடியாது. இப்படிப்பட்ட மூவ்களுக்கும், எதிராளி எதிர்பாராத ஒன்றை ஆடிய நேரத்துக்கும் தாராளமாகக் கொடுங்கள். ஒரு யானை தப்பான வரிசைக்குப் போனால் பெரும்பாலும் அடுத்த மூவில் திரும்பி வரலாம். என் 28 நிமிடம் அப்படிப்பட்ட ஒன்றில் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

உச்சவரம்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிளாசிக்கல் ஆட்டத்தில் (90 நிமிடம் போன்ற நீண்ட ஆட்டத்தில்) ஒரு மூவுக்கு 12 நிமிடத்தைத் தாண்டினால் அதுவரை கண்டதில் நல்லதை ஆடிவிடுவது என்பது என் விதி. எண் உங்களுக்கு வேறாக இருக்கலாம், ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே அது முடிவாகியிருக்க வேண்டும். சிக்கலில் இருக்கும் மனதிடம் “இன்னும் எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டால் “இன்னும் கொஞ்சம்” என்றுதான் சொல்லும்.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் கணக்கிட முடியாது என்று ஒப்புக்கொள்வது

இது அறிவுரை இல்லை, எண்ணிக்கை. தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 மூவ், கறுப்புக்கு 20 மூவ். ஆளுக்கு ஒரு மூவ் ஆடியதும் 400 வழிகள். ஆளுக்கு இரண்டு ஆடியதும் 1,97,281. பெரும்பாலான காய்கள் இன்னும் தொடக்க இடத்திலேயே நிற்கும்போதே இவ்வளவு. நடு ஆட்டத்தின் கதையைக் கேட்கவே வேண்டாம்.

பெரிய ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் கணக்கிடுகிறார்கள், நம்மால்தான் முடியவில்லை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நெதர்லாந்து உளவியலாளரும் செஸ் மாஸ்டருமான அட்ரியான் டி க்ரூட், ஆட்டக்காரர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லி 1940-களில் ஆராய்ந்தார். உலகத் தரத்து ஆட்டக்காரர்களுக்கும் நல்ல கிளப் ஆட்டக்காரர்களுக்கும், ஆராயும் மூவ்களின் எண்ணிக்கையிலோ எத்தனை மூவ் முன்னால் பார்க்கிறார்கள் என்பதிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. பெரியவர்கள் பார்த்த மூவ்கள் நல்ல மூவ்களாக இருந்தன, அவ்வளவுதான். 1973-ல் உளவியல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. நிஜ ஆட்டத்தின் நிலையைச் சில விநாடி காட்டி மறைத்தால் மாஸ்டர் அதைத் திரும்ப அடுக்குவதில் புதியவரை வெகுவாக மிஞ்சினார். காய்களைக் கன்னாபின்னா என்று இறைத்துக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்தே போனது. அவர்களிடம் இருப்பது பழகிய வடிவங்களின் சேமிப்பு. கூடுதல் நிமிடங்கள் யோசிப்பதால் அந்தச் சேமிப்பு ஆட்டத்தின் நடுவில் வளராது. ஆட்டங்களுக்கு இடையே செய்யும் பயிற்சியில்தான் வளரும்.

நான்காம் படி: ஒரு மூவுக்கு ஒரு பாதை

யோசிப்பதற்கும் சுற்றுவதற்கும் வேறுபாடு ஒன்றுதான்: யோசனைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கும். கீழே உள்ள வரிசையை மனப்பாடம் ஆகும்வரை ஒரு தாளில் எழுதி, பயிற்சி ஆட்டங்களின்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் தாள் கூடாது, அதற்குள் பழகிவிடும்.

1. எதிராளி இப்போது ஏன் இதை ஆடினார்? அவருக்கு இன்னொரு மூவ் இலவசமாகக் கொடுத்தால் என்ன செய்வார்?
2. எனக்கு இருக்கும் செக், வெட்டு, மிரட்டல் என்னென்ன? கேலிக்கூத்தாகத் தெரிவதையும் ஒரு பார்வை பாருங்கள்.
3. இரண்டு அல்லது மூன்று மூவ்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். நான்காவது வேண்டாம்.
4. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை, எதிராளியின் மிகப் பலமான பதில்வரை பாருங்கள். முடிவில் “நல்லது”, “சுமார்”, “கெட்டது” என்று மனதுக்குள் ஒரு சொல்லை ஒட்டுங்கள்.
5. ஒப்பிட்டு ஒன்றை எடுங்கள்.
6. ஆடுவதற்கு முன், பலகையைப் புதிதாகப் பார்ப்பவர்போல் ஒரு பார்வை: இதனால் ஏதாவது காய் சும்மா போகுமா? ஒரே மூவில் மேட் வருமா?

நான்காவதில்தான் எல்லோரும் தவறுகிறோம். ஒரு மூவிலிருந்து பிரியும் கிளைகளை ஒருமுறைக்கு மேல் பார்க்காதே என்று சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டோவ் வலியுறுத்தினார். மனித மூளை அவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது என்று பிற்காலத்துப் பயிற்சியாளர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். என் அனுபவமும் அப்படித்தான். ஆனாலும் “கெட்டது” என்று ஒட்டிய மூவிடம் புதிய காரணம் இல்லாமல் திரும்பிப் போகக்கூடாது என்ற அளவில் அந்த ஒழுக்கம் உதவுகிறது. “இன்னொரு தடவை பார்ப்போமே” என்பது புதிய காரணம் ஆகாது. “அந்த வரிசையில் எனக்கு நடுவில் ஒரு செக் இருந்தது” என்றால் போகலாம்.

கோட்டோவ் சொன்ன இன்னொரு விஷயம் எல்லோருக்கும் நடந்திருக்கும். இரண்டு மூவ்களை நெடுநேரம் மாறி மாறி ஆராய்கிறோம், இரண்டும் திருப்தி தரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஒரு நொடிகூடப் பார்க்காத மூன்றாவது மூவை ஆடிவிடுகிறோம். அது பெரும்பாலும் படுமோசமாக இருக்கும். இதற்கு அவர் பெயரையே வைத்து ‘கோட்டோவ் நோய்’ என்கிறார்கள். தடுப்பு மருந்து எளிது: நேரமாகிவிட்டது என்று தெரிந்தால், பார்த்த மூவ்களில் ஒன்றைத்தான் ஆடுவது. புதிதாக மின்னிய மூவ் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆறாவது படியைக் கடக்காமல் கை போகக்கூடாது.

மனம் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்வது சோம்பேறித்தனமோ முட்டாள்தனமோ இல்லை. 2008-ல் மெரிம் பிலாலிச்சும் உடன் ஆய்வாளர்களும் செஸ் ஆட்டக்காரர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். பழக்கமான ஒரு விடை கண்ணில் பட்டுவிட்டால், “வேறு நல்ல வழி தேடுகிறேன்” என்று சொல்லும்போதும் கண் அந்தப் பழைய விடையின் கட்டங்களையே சுற்றியது. ஆகவே “வேறு யோசி” என்று தனக்குத்தானே சொல்வது போதாது. எழுந்து ஒரு நடை போய், எதிராளியின் பக்கமிருந்து பலகையைப் பாருங்கள். அல்லது உங்கள் காய்களில் சோம்பேறிக் காய் எது என்று முற்றிலும் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கை நகராதபோது

கணக்கு முடிந்துவிட்டது, இரண்டு மூவும் சமம், ஆனாலும் முடிவு வரவில்லை. இங்கே கூடுதல் யோசனை எதையும் தராது. முன்பே ஒரு விதி இருந்தால் அதன் தலையில் பாரத்தை இறக்கி வைக்கலாம். என்னுடையது: இரண்டில் எது என் ராஜாவுக்குப் பத்திரமோ அது. அதிலும் சமம் என்றால், மோசமாக நிற்கும் காயை மேம்படுத்துவது எதுவோ அது. அதிலும் சமமா? அப்படியானால் முதலில் தோன்றியது. அதிர்ஷ்டத்தை நம்புவதாகத் தோன்றலாம். இரண்டு மூவும் நிஜமாகவே சமம் என்றால், காசைச் சுண்டிப் போட்டாலும் நஷ்டம் இல்லை.

இந்த இடத்தில் என்ஜின் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. ஒரு மூவுக்கு +0.4, இன்னொன்றுக்கு +0.1 என்று திரையில் பார்த்துப் பார்த்து, அந்த 0.3 சிப்பாய் வித்தியாசத்தைப் பலகை முன்னால் உட்கார்ந்து கண்டுபிடிக்க முயல்கிறோம். நம்மைப் போன்றவர்களின் ஆட்டங்கள் 0.3-ல் முடிவதில்லை. சும்மா விட்ட குதிரையில் முடிகின்றன.

பழைய முறை ஒன்று உண்டு, ரஷ்ய செஸ் மாஸ்டர் பெஞ்சமின் புளூமன்ஃபெல்ட் சொன்னது: தீர்மானித்த மூவை முதலில் ஸ்கோர் ஷீட்டில் எழுதி, கற்றுக்குட்டியின் கண்ணோடு ஒருமுறை பலகையைப் பார்த்துவிட்டு ஆடு. இப்போது மூவை முன்கூட்டியே எழுதுவது விதிப்படி கூடாது. எழுதாமலே செய்யலாம்: மூவை மனதுக்குள் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பாருங்கள், ஆடுங்கள். தயங்கும் கைக்கு அந்த மூச்சு ஒரு பச்சை விளக்கு.

ஆறாம் படி: பிளண்டர் விழுந்த பிறகு

பிளண்டர், அதாவது ஆட்டத்தையே கெடுக்கும் பெரிய பிழை, கையை எடுத்த அடுத்த விநாடியில் தெரிந்துவிடும். வயிற்றில் ஒரு கல் விழும். முகம் சூடாகும். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, உடனே ஆடாமல் இருப்பது. பிளண்டருக்குப் பிறகு வரும் இரண்டாவது பிளண்டர்தான் பெரும்பாலும் ஆட்டத்தைக் கொல்கிறது. தவறை உடனே சரிக்கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அது வருகிறது.

எதிராளி யோசித்துக்கொண்டிருந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். உங்கள் முறை என்றால் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, காய்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்: எனக்கு இரண்டு யானை, ஒரு பிஷப், ஐந்து சிப்பாய், அவருக்கு இது, இது. இது மந்திரம் இல்லை. மனதை “அய்யோ” என்பதிலிருந்து “என்ன இருக்கிறது” என்பதற்கு இழுத்துவரும் சின்ன வேலை. பிறகு இப்படிக் கேளுங்கள்: வேறு ஒருவர் இந்த நிலைவரை ஆடிவிட்டு, மீதியை என்னிடம் கொடுத்துப் போயிருந்தால் நான் என்ன ஆடுவேன்? முந்தைய மூவை ஆடியவர் நீங்கள் இல்லை என்று ஆனதும், அவர்மீது கோபப்பட அங்கே ஆள் இல்லை.

பின்தங்கியபோது ஆடும் முறையும் வேறு. சிப்பாய்களை மாற்றிக்கொள்ளலாம், மற்ற காய்களைக் கூடியவரை மாற்றிக்கொள்ளாதீர்கள். எதிராளிக்கு எளிதான மூவ்கள் மட்டுமே இருக்கும் நிலையைத் தவிர்த்து, அவரும் யோசித்தாக வேண்டிய நிலையை உருவாக்குங்கள். “எப்படி ஜெயிப்பது?” என்று கேட்காதீர்கள், “அடுத்த மூவை அவருக்கு எப்படிக் கடினமாக்குவது?” என்று கேளுங்கள். அது முடிக்கக்கூடிய கேள்வி.

எதிராளியும் தவறுவாரா என்ற சந்தேகம் வந்தால், 2014-ல் சோச்சியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 26-வது மூவில் மேக்னஸ் கார்ல்சன் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார்; மத்தியச் சிப்பாயைக் குதிரையால் வெட்டி ஆட்டத்தையே திருப்பும் வாய்ப்பு விஸ்வநாதன் ஆனந்துக்குத் திறந்தது. ஆனந்த் அதைப் பார்க்காமல் ஏ வரிசைச் சிப்பாயை நகர்த்திவிட்டார். உலகின் இரண்டு மிகச் சிறந்த மூளைகள், அடுத்தடுத்த மூவில். 2006-ல் பான் நகரில், அன்றைய உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் கணினிக்கு எதிராக ஒரே மூவில் வரும் மேட்டைக் கவனிக்காமல் ராணியை நகர்த்தினார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 6½-6½ என்று நின்ற உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அன்றைய சாம்பியன் திங் லிரென் 55-வது மூவில் யானையை எஃப்2-ல் வைத்தார். காய்கள் மாறி, மிஞ்சிய சிப்பாய் முடிவாட்டம் தோல்வியாக இருந்தது. எதிரே ஆடிய குகேஷ் 18 வயதில் சாம்பியன் ஆனார். இவர்களைக் கேலி செய்யச் சொல்லவில்லை. பிளண்டர் என்பது தகுதிச் சான்றிதழைப் பறிக்கும் குற்றம் இல்லை என்பதற்குத்தான் சொல்கிறேன்.

ஏழாம் படி: தொடர் தோல்வியின் கணக்கு

சோர்வு பெரும்பாலும் ஒரு தோல்வியில் வருவதில்லை, ஐந்தாவது தோல்வியில் வருகிறது. “ஐந்து ஆட்டம் தொடர்ந்து! என் ஆட்டமே கெட்டுப்போச்சு.”

சமபலமுள்ளவர்களோடு மட்டும் ஆடுகிறீர்கள், டிராவே கிடையாது, ஒவ்வொரு ஆட்டமும் பூவா தலையா என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டத்தில் எங்கேயாவது ஐந்து தோல்வி அடுத்தடுத்து வர எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய 81 சதவீதம். ஆறு தோல்வி தொடர்வதற்குக்கூடப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. ஆட்டத் திறன் ஓர் இம்மிகூட மாறாமலே இது நடக்கும். டிராக்கள் நிஜத்தில் இதைக் கொஞ்சம் குறைக்கும். சோர்வோடு விடாமல் ஆடுவது அதைவிட அதிகமாகக் கூட்டும்.

ரேட்டிங் கணக்கையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஃபிடே முறையில் கே எண் (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதை நிர்ணயிக்கும் எண்) 20 உள்ளவர் சமபலத்தவரிடம் தோற்றால் போவது 10 புள்ளி. 200 புள்ளி மேலே இருப்பவரிடம் தோற்றால் சுமார் 5. அவரை வென்றால் சுமார் 15 வரும். 200 புள்ளி மேலே இருப்பவர் உங்களிடமிருந்து சராசரியாக நாலில் மூன்று பங்கு புள்ளி எடுப்பார் என்று கணக்கு முன்பே எதிர்பார்த்துவிட்டது. நீங்கள் தோற்றது அதற்கு ஒரு செய்தியே இல்லை. புதியவர்களுக்கும், 2300-க்குக் கீழே உள்ள 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கே எண் 40, அதனால் அவர்களின் எண் இரண்டு மடங்கு குதிக்கும். ஏறும்போதும் அப்படித்தான். ரேட்டிங் என்பது கடந்த ஆட்டங்களிலிருந்து போட்ட மதிப்பீடு. அதைத் தினமும் பார்ப்பது, நட்ட விதையைத் தினமும் தோண்டிப் பார்ப்பது.

இணையத்தில் பிளிட்ஸ் (சில நிமிட அதிவேக ஆட்டம்) ஆடுபவர்களுக்குக் கறாரான ஒரு விதி: தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்று இல்லை, இரண்டு. “விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்துகிறேன்” என்று நினைக்கும் நொடியில் நீங்கள் செஸ் ஆடுவதை நிறுத்திவிட்டீர்கள், சூதாடுகிறீர்கள். அந்த நேரத்தில் புதிய ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்துவது விரல், மூளை இல்லை. நான் இதை எழுதிவிட்டு இன்றிரவே மீற வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டுக் கணினியில் மட்டும் ஆடுகிறேன். மன உறுதியைவிட இரண்டு நிமிடத் தொல்லை நன்றாக வேலை செய்கிறது.

ஒரு தோல்வி அடுத்ததை எப்படி இழுத்து வரும் என்பதற்கு 2021 துபாய் உலகப் போட்டி சாட்சி. ஆறாவது ஆட்டம் 136 மூவ், ஏழே முக்கால் மணி நேரம். இயான் நெபோம்னியாஷி கார்ல்சனிடம் தோற்றார். அதுவரை சமமாக ஆடியவர் அதன்பின் 8, 9, 11 ஆகிய ஆட்டங்களில், அவர் தரத்துக்குச் சற்றும் பொருந்தாத பிழைகளைச் செய்து 7½-3½ என்று போட்டியை இழந்தார்.

எட்டாம் படி: தோற்ற ஆட்டத்தை எப்போது திறப்பது

அன்றே வேண்டாம். குறைந்தது ஓர் இரவு போகட்டும். ஆனால் ஒரு வாரம் தள்ளிப் போட்டால் அந்த ஆட்டத்தைத் திறக்கவே மாட்டீர்கள்.

திறந்ததும் என்ஜினை அணைத்து வையுங்கள். முதல் சுற்றில், ஒவ்வொரு முக்கியமான மூவிலும் அன்று என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். மூவ்கள் மட்டும் போதாது, நினைப்பும் உணர்ச்சியும் சேர்த்து: “இங்கே அவர் வேகமாக ஆடினார், ஏதோ தெரிந்து ஆடுகிறார் என்று பயந்தேன்.” இரண்டாவது சுற்றில்தான் என்ஜின். அதனிடம் கேட்பதும் எங்கே தப்பு என்பதை மட்டும். ஏன் தப்பு என்பது அதற்குத் தெரியாது. அது உங்கள் முதல் சுற்றுக் குறிப்பில் இருக்கிறது.

முடிவில் ஒரே ஒரு காரணத்தை எழுதுங்கள்: எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை, நேரம் போனது, முடிவாட்டம் தெரியவில்லை, பயந்து பின்வாங்கினேன், இப்படி. இருபது ஆட்டம் சேர்ந்ததும் காரணங்களை எண்ணிப் பாருங்கள். “நான் மோசம்” என்ற மூட்டை அவிழ்ந்து, “20 தோல்வியில் 9 எதிராளியின் மிரட்டலைப் பார்க்காதது” என்று ஆகும். மூட்டையைச் சுமக்கத்தான் முடியும். ஒன்பதை ஐந்தாக்கலாம்.

ஒன்பதாம் படி: முடிவெடுப்பதற்கே ஒரு பயிற்சி

டாக்டிக்ஸ் புதிர் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் புதிரில் “இங்கே ஏதோ இருக்கிறது” என்று முன்பே தெரியும். அதிகயோசனைக்காரருக்கு வேண்டியது, எதுவும் இல்லாமலும் இருக்கக்கூடிய நிலையில் முடிவெடுக்கும் பழக்கம்.

நல்ல ஆட்டங்களின் தொகுப்பிலிருந்து நடு ஆட்ட நிலை ஒன்றை எடுங்கள். மூன்று நிமிடத்துக்கு அலாரம். அது அடிக்கும் நேரத்தில் ஒரு மூவும் அதற்கு ஒரு வரிக் காரணமும் தாளில் இருக்க வேண்டும். திருத்தக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து நிலை, மொத்தம் கால் மணி நேரம். ஒரு மாதம் கழித்து எத்தனை மூவ் மாஸ்டரின் மூவோடு ஒத்துப்போனது என்பது இரண்டாம்பட்சம். அலாரம் அடிக்கும்போது தாள் வெறுமையாக இருந்த நாள்கள் குறைந்தனவா என்று பாருங்கள்.

பயந்து ஆடுபவர்களுக்கு இன்னொன்று: ஒரு சிப்பாய் குறைவாக உள்ள நிலையை வேண்டுமென்றே அமைத்து, உங்கள் பலத்துக்குக் குறைத்துவைத்த கணினியோடு ஆடுங்கள். பின்தங்கிய நிலையும் ஆடக்கூடிய நிலைதான் என்பதைக் கைக்குக் கற்றுக்கொடுக்க வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

பிளிட்ஸ் அதிகயோசனையைக் குணப்படுத்தும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை, ஆபத்து அதிகம். வேகம் வரும், கவனம் போகும். 15 + 10 ஆட்டங்கள் இரண்டுக்கும் நடுவில் நல்ல பாலம்.

பத்தாம் படி: ஆடவே பிடிக்காமல் போனால்

விட்டுவிடுங்கள், தேதி குறித்து. “இனி ஆடமாட்டேன்” என்பது கோபத்தில் எடுத்த முடிவு, ஒரு வாரத்தில் உடையும், உடைந்ததற்காக இன்னொரு சோர்வு வரும். “மூன்று வாரம் ஆட்டம் இல்லை, 22-ஆம் நாள் யோசிப்பேன்” என்றால் மனம் ஓய்வெடுக்கும். அந்த நாள்களில் மற்றவர்களின் ஆட்டங்களைப் பாருங்கள், ஆசையிருந்தால் மட்டும். ஆசை இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம்.

சிறுவர்களிடம் தோற்கும் வலியைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு வயதுக் குழந்தைக்குத் தோற்றால் என்ன ஆகும் என்ற கணக்கு இன்னும் முழுதாகத் தெரியாது, அதனால் பலகையை மட்டும் பார்க்கிறது. நீங்கள் பலகையையும் குழந்தையையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் பார்க்கிறீர்கள். மூன்றுக்கு ஒன்று, தோற்காமல் என்ன செய்யும்?

தோல்விக்குள் நின்றுகொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் காரி காஸ்பரோவ். 1984-ல் மாஸ்கோவில் அன்றைய உலகச் சாம்பியன் அனடோலி கார்போவுக்கு எதிராக முதலில் ஆறு வெற்றி பெறுபவருக்கே பட்டம் என்ற போட்டியில், ஒன்பது ஆட்டம் முடிந்தபோது 21 வயதுக் காஸ்பரோவ் 0-4. அவர் உடனே பாய்ந்து ஜெயிக்கப் பார்க்கவில்லை. தொடர்ந்து 17 டிரா. பிறகு இன்னொரு தோல்வி, 0-5. முதல் வெற்றி 32-வது ஆட்டத்தில்தான் வந்தது. 48 ஆட்டங்களுக்குப் பிறகு, 1985 பிப்ரவரியில், 3-5 என்ற நிலையில் முடிவில்லாமல் போட்டி நிறுத்தப்பட்டது. அதே வருடம் நவம்பரில், புதிதாக நடந்த போட்டியில் அவர் சாம்பியன். அந்த 17 டிராக்களை யாரும் கொண்டாடுவதில்லை. நமக்கு அவைதான் பாடம்: ஜெயிக்க முடியாத நாளில், இன்று தோற்காமல் இருப்பது எப்படி என்ற சிறிய கேள்வியை எடுத்துக்கொண்டார். 2024 டொரான்டோ கேண்டிடேட்ஸில் (உலகச் சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்வுசெய்யும் போட்டியில்) ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்ற குகேஷ், அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இது தன் போட்டியாக இருக்கலாம் என்று உணர்ந்ததாகப் பின்னர் சொன்னார். 14-க்கு 9 புள்ளியோடு முதலிடம் பிடித்தார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வருவது பலகையோடு நிற்காமல், தூக்கத்தையும் வேலையையும் உறவுகளையும் வாரக்கணக்கில் கெடுத்தால், அது செஸ் பிரச்சினை இல்லை. மனநல ஆலோசகரைப் பார்ப்பதுதான் சரி. செஸ் அங்கே அறிகுறி மட்டுமே.

என் பழைய ஸ்கோர் ஷீட் இன்னும் இருக்கிறது. 17-வது மூவுக்கு எதிரே 28 என்று எழுதிச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு போட்டியில் அதே மாதிரி டி வரிசை, அதே இரண்டு யானை. ராஜாவுக்கு எது பத்திரம் என்று பார்த்தேன், நான்கு நிமிடத்தில் ஏ யானையை எடுத்து வைத்தேன். அந்த ஆட்டத்திலும் தோற்றேன். காரணம் வேறு: முடிவாட்டம் தெரியவில்லை. நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.